தாங்கு கம்பியில் ஒரு மஞ்சள் துணி

அத்தியாயம் 9

வக்கீல் கடிதம் வந்து ஆறு நாளாகிவிட்டது. காளிதாசன் வீட்டில் அதை இன்னும் யாரும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

வாணி முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். காளிதாசன் தன் பெயர் இருந்த வரியை மட்டும் மூன்று முறை படித்தார். குணசுந்தரி படிக்கவே இல்லை. கடிதத்தை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, காற்றில் பறக்காமலிருக்கத் திருநீற்றுச் சம்புடத்தை மேலே வைத்தாள். அதோடு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

போன வாரம் படிக்காதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் அதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வரலாம்.

காளிதாசன், மலேசியாவின் கெடா மாநிலத்துக் கோலா கெத்திலில், பாமாயில் தரும் செம்பனையின் குலை அறுக்கும் குத்தகைக்காரர். சொந்தமாக மூன்று ஏக்கர் செம்பனையும் உண்டு. அறுத்த குலைகளை மரங்களுக்கு நடுவிலிருந்து சாலை ஓரத்துக்குக் கொண்டு வர, அதே ஊரில் முகம்மது ஹனீபாவின் கடையில் ஒரு மினி டிப்பர் வாங்கினார். நான்காம் மாதம், மேலே தூக்கி நிறுத்தியிருந்த அதன் பின்பெட்டி, யாரும் விசையைத் தொடாமலே இறங்கிவிட்டது. அடியில் அவருடைய வலது கை இருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் போயின.

மகள் வாணி கூலிம் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை செய்பவள். பொருளில் பழுது கண்டால் உடனே எழுதி ஒட்டிவிட வேண்டும், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இதையும் எழுதி ஒட்டினாள், முகநூலில், மலாயில், அப்பாவின் கணக்கில். கெடா முழுக்க உள்ள குத்தகைக்காரர்களும் சிறு தோட்டக்காரர்களும் அப்பாவின் நண்பர் பட்டியலில்தானே இருக்கிறார்கள். நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். அப்புறம்தான் ஹனீபாவின் வக்கீல் கடிதம் வந்தது. ஏழு நாளுக்குள் பதிவை நீக்க வேண்டும், ஊரறிய மன்னிப்புக் கேட்க வேண்டும், நட்ட ஈடு தர வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு.

நாளை ஏழாம் நாள்.

*

கூலிமில் ஒரு பல் கிளினிக்கின் மாடியில் வழக்கறிஞர் சந்திராவின் அலுவலகம் இருந்தது. படியேறும்போதே கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்டது. காளிதாசன் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். வாணி லீவு போட்டுவிட்டு அவரை அழைத்து வந்திருந்தாள்.

சந்திரா பக்கத்து ஊரான லூனாசில் பிறந்தவர். தோட்டக் குடும்பங்களின் வழக்குகளாகப் பார்த்துப் பார்த்து, சுற்றி வளைக்காமல் பேசப் பழகியவர். வாணியின் பதிவைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். கையில் ஒரு பென்சில்.

"இதுல மூணு விஷயம் சொல்லியிருக்கீங்க. ஒன்னொன்னா போவோம். முதல்ல, பெட்டி தானா இறங்கிடுச்சு. இதுக்கு என்ன ஆதாரம்?"

வாணி போனை எடுத்து மேசையில் வைத்தாள். விபத்துக்கு மூன்று வாரம் முன்னால் காளிதாசன், ஹனீபாவின் மகன் ரஃபிக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். கடையில் பழுது பார்க்கும் வேலையெல்லாம் ரஃபியின் பொறுப்பு.

"தம்பி, பெட்டிய தூக்கி வச்சா மெல்ல மெல்ல இறங்குதுப்பா. ஒரு நாளைக்கு வந்து பாத்துட்டு போ."

ரஃபியின் பதிலும் குரலாகவே இருந்தது. "அண்ணே, புது மிசின் அப்படித்தான் லா. ஓட ஓட செட் ஆயிடும். பயப்படாதீங்க."

சந்திரா அதை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். பதிவின் முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு சரிக் குறி போட்டார்.

"இது போதும். இதைத் தொலைச்சிடாதீங்க. ரெண்டாவது, அவரை 'பெனிப்பு'ன்னு எழுதியிருக்கீங்க."

ஏமாற்றுக்காரன் என்ற அந்த மலாய்ச் சொல்லை வாணி பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்.

"ஏமாத்துறான்னா, பழுதுன்னு தெரிஞ்சே தலையில கட்டுனான்னு அர்த்தம். ஹனீபாவுக்கு முன்னாடியே தெரியும்னு உங்களால காட்ட முடியுமா?"

"நாங்க சொல்லியும் வந்து பாக்கலியே அக்கா."

"அது அலட்சியம். சோம்பேறித்தனம். அப்படி எழுதியிருந்தா நானே லைக் போட்டிருப்பேன்."

"கோவத்துல எழுதிட்டேன்."

"கோவத்துல எழுதிட்டேன்னு கோர்ட்ல சொன்னா, கொஞ்சம் தண்ணி குடிங்கன்னு சொல்வாங்க. அவ்வளவுதான் கிடைக்கும்." சந்திரா அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "சரி, இதைப் பேசி முடிச்சிடலாம். மூணாவதுதான் எனக்கு இடிக்குது."

மூன்றாவது வரியை அவர் தமிழில் சொல்லிக் காட்டினார். தூக்கிய பெட்டியைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிகூட இல்லாமல் இந்த இயந்திரத்தை விற்றிருக்கிறார்கள் என்று வாணி எழுதியிருந்தாள்.

"அவங்க கம்பி குடுத்தோம்னு அடிச்சு சொல்றாங்க. நீங்க எழுதுனது உண்மையா?"

"உண்மைதான் அக்கா. அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு நான்தான் போட்டோ எடுத்தேன். கம்பி மாட்டுற இடம் காலியா இருந்துச்சு. அப்பாவையும் கேட்டேன்."

சந்திரா காளிதாசனைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மிசின் வந்தப்ப கம்பி இருந்துச்சா?"

"பாப்பா எடுத்த போட்டோ இருக்குதுல்ல மா" என்றார் காளிதாசன்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. சந்திரா பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டார்.

"நடந்தது நடந்தபடி இருந்தா, அதை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு வழி இருக்கு. அதுமேல உங்க அபிப்பிராயத்தையும் சொல்லிக்கலாம். ஆனா நடுவுல ஒன்னு பொய்யா இருந்தா, எதிர் லாயர் அந்த ஒன்னைத்தான் பிடிச்சு உலுக்குவார். ரஃபியோட குரல்கூட அப்ப எடுபடாது."

வாணி தலையாட்டினாள்.

"இன்னொன்னு. பதிவு அப்பா பேர்ல, அப்பா படத்தோட வந்திருக்கு. சட்டம் முதல்ல அவர் போட்டதாத்தான் எடுத்துக்கும். இல்லைன்னா, இல்லைன்னு நீங்கதான் காட்டணும்."

"அப்ப நான்தான் எழுதுனேன்னே வச்சுக்குங்க மா" என்றார் காளிதாசன் சட்டென்று. "அவளுக்கு கம்பெனி வேலை இருக்கு. கல்யாணம் காட்சின்னு இருக்கு."

"அப்பாவுக்கு லைக் எங்க இருக்குன்னே தெரியாது அக்கா."

"அப்படியெல்லாம் நான் வச்சுக்க முடியாது சார்." சந்திரா சிரிக்காமல் சொன்னார். பிறகு வாணியிடம் திரும்பினார். "அடியில வந்த கமெண்ட்ஸைப் படிச்சீங்களா?"

படித்திருந்தாள். முதல் ஐம்பது ஹனீபாவின் கடையைப் பற்றி. அதற்குப் பிறகு வந்தவை அவருடைய மதத்தைப் பற்றி, அவர் வீட்டுப் பெண்களைப் பற்றி. வாணி அவற்றைப் பார்த்தும் விட்டுவைத்திருந்தாள். அப்பாவின் கையை நினைத்துக்கொண்டு, அந்தாளுக்கு வேண்டும் என்று இருந்துவிட்டாள். இப்போது இன்னொருத்தி முன்னால் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கும்போது வெட்கமாக இருந்தது.

"உங்க சுவத்துல எவனோ சாணி அடிச்சான், சரி. ஆறு வாரமா கழுவாம விட்டது யாருன்னு கேப்பாங்க."

சந்திரா எழுந்தார். "வீட்டுக்குப் போய் மிசின் வந்த நாள்ல எடுத்த படம், வீடியோ எல்லாத்தையும் தேடுங்க. ஒன்னையும் அழிக்காதீங்க. புதுசா ஒரு வார்த்தையும் போடாதீங்க. இன்னைக்கு ஏழு மணிக்குள்ள எனக்கு வந்தாகணும். நாளைக்குக் காலையில பதில் அனுப்பணும். அதுல கம்பி இல்லைன்னு எழுதறதா வேணாமான்னு எனக்குத் தெரியணும்."

*

திரும்பும் வழியில் பாலிங் சாலையில் ஏறி, கோலா கெத்தில் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, "பாப்பா, கொஞ்சம் மெதுவா போ" என்றார் காளிதாசன்.

ஹனீபாவின் கடை முன்னால் அதே மாதிரி மினி டிப்பர்கள் மூன்று, மழைக்குப் பிளாஸ்டிக் போர்த்தியபடி நின்றன. பதிவு வருவதற்கு முன்னாலும் அவை மூன்றாகத்தான் இருந்தன; அதற்குப் பிறகு ஒன்றும் விற்கவில்லை. ஹனீபா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கார் மெதுவாகப் போவதைக் கண்டு தலைநிமிர்ந்தார். உள்ளே இருப்பது காளிதாசன் என்று தெரிந்ததும் கை பழக்கத்தில் பாதி உயர்ந்தது. அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, தன் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"இருபது வருஷமா அவர்கிட்டதான் அறுவாள் வாங்குறேன்" என்றார் காளிதாசன்.

"அதுக்கு என்ன இப்ப? உங்க விரல் போனதுக்கு ஒரு நாள் வந்து பாத்தாரா?"

"வந்தார். ஆஸ்பத்திரிக்கு. நீ வேலைக்குப் போயிருந்தே."

வாணிக்கு இது புதுச் செய்தி. பழம் வாங்கிக்கொண்டு வந்தாராம், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் அவளுக்கு அங்கேதான் முதலில் வந்தது.

*

வீட்டில் குணசுந்தரி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள்.

"லாயர் என்ன சொன்னாங்க?"

"மிசின் வந்த அன்னைக்கு எடுத்த படமெல்லாம் வேணுமாம்."

குணசுந்தரி கரண்டியால் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டாள். "சாப்ட்டுட்டு தேடு" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

வாணி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்பாவின் கணக்கைத் திறந்தாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. இயந்திரத்துக்குப் பூசை போட்ட நாளன்று அவளே பதினோரு நிமிடம் நேரலையாகக் காட்டியிருந்தாள். இத்தனை நாளும் அது அதே கணக்கில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தது. ஹனீபா ஓரமாகக் கை கட்டி நின்றார். தேங்காய் உடைத்தபோது ரஃபி பின்னால் நகர்ந்துகொண்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறாவது நிமிடத்தில் குணசுந்தரி ஒரு மஞ்சள் துணி முடிச்சோடு வந்தாள். உள்ளே பதினோரு வெள்ளிப் பணம், அம்மனுக்குக் காணிக்கை. தோட்டத்து மாரியம்மன் திருவிழா வரைக்கும் இயந்திரத்தோடு இருக்க வேண்டும், அதற்கு முன் அவிழ்க்கக் கூடாது. அதைக் கட்ட இடம் தேடி இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து வாணியின் குரலே கேட்டது. "அம்மா, அடியில எதுக்கு கட்டுறீங்க?"

"இங்கதான் மழை படாது. சேறும் தெறிக்காது."

பின்பெட்டிக்கு அடியில், பிடிப்பில் படுத்திருந்தது கறுப்பு நிறத்தில் முழங்கை நீளமுள்ள ஒரு கம்பி. குணசுந்தரி அந்தக் கம்பியையும் பிடிப்பையும் சேர்த்துச் சிவப்புக் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். ரஃபி கிட்டே வந்து, "அக்கா, அந்தக் கம்பி வந்து..." என்றான். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் காளிதாசன் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினார். "விடு தம்பி, சாமி காரியம்."

வாணி வீடியோவை நிறுத்தினாள். அவள் எடுத்த புகைப்படத்தைத் தேடித் திறந்து பெரிதாக்கினாள். கம்பி இல்லாத அந்தக் காலிப் பிடிப்பின் இடுக்கில் சிவப்பாக ஒரு நூல் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அது அவள் கண்ணில் படவே இல்லை. தொழிற்சாலையில் ஒரு மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்துப் பெட்டியையே திருப்பி அனுப்புகிறவள்.

வீடியோவின் மூலையில் நீக்கு என்ற பட்டன் இருந்தது. அழுத்தினால் போதும். பூசை வீடியோவை யார் தேடப் போகிறார்கள்? அவள் அந்தப் பட்டனை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

*

இயந்திரம் செம்பனை மரத்தடியில் கித்தான் போர்த்தி நின்றது. காளிதாசன் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.

வாணி வீடியோவைக் காட்டினாள். அவர் முழுதும் பார்க்கவில்லை. குணசுந்தரி முடிச்சுப் போடும் இடம் வந்ததும், "போதும், நிறுத்து" என்றார்.

"கம்பி எங்கப்பா?"

"ஸ்டோர்ல. உர மூட்டைக்கு அடியில."

"யார் வச்சது?"

"நான்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கு. நீ போட்டோ எடுக்கறேன்னு சொன்னதும் ஒரு கையால கயித்தை அறுத்து, கம்பியக் கொண்டு போய் வச்சேன்."

"ஏன்?"

அவர் குரல் தாழ்ந்தது.

"கம்பியப் போடணும்னா கயித்தை அறுக்கணும். திருவிழா முடியற வரைக்கும் தொடக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லியிருந்தா. நானும் ஒரு செம்பனை மட்டைய வெட்டி வச்சிருந்தேன். பெட்டிய தூக்குனா அந்த மட்டைய முட்டுக் குடுத்துட்டு வேலை பாப்பேன். நாலு மாசம் அப்படித்தான் ஓட்டுனேன். அன்னைக்கு அடியில உதிரிப் பழம் சிக்கிக்கிச்சு. மட்டை அந்தாண்ட மரத்துக்கிட்ட கிடந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு கைய விட்டேன்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? கம்பி இருந்தும் ஏன் போடலைன்னு கேப்பாங்க. கட்டி வச்சிருந்துச்சுன்னு சொல்லணும். யார் கட்டுனதுன்னு கேப்பாங்க." அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "தினமும் எனக்கு சோத்தைப் பிசைஞ்சு குடுக்கறா வாணி. அவ கட்டுன கட்டுதான் என் விரலை எடுத்துச்சுன்னு அவ நினைக்கணுமா? அந்த நினைப்போட அவ எப்படி உக்காந்து சாப்பிடுவா?"

வாணிக்கு அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்தது.

"நான் அந்த மனுஷனை ஏமாத்துக்காரன்னு எழுதுனேன்பா. கெடா பூரா படிச்சிருக்கு. கம்பிய நம்ம வீட்டு ஸ்டோர்ல ஒளிச்சு வச்சுக்கிட்டு."

"நீ தெரியாமத்தானே எழுதுனே."

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

காளிதாசன் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வீடியோவ மட்டும் எடுத்துட முடியாதா? நாளைக்கே ஹனீபா பாய்கிட்ட போய் நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுடறேன். கம்பி விஷயம் அதோட போயிடும். அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"பாயோட வாடிக்கைக்காரங்க வீட்டுலயும் இதே மிசின் நிக்குதுப்பா. அவங்க பெட்டியும் இறங்கும். மன்னிப்புக் கேட்டு அதையும் மூடிடலாமா?"

மணி ஆறு இருபது. ஏழு மணிக்குள் சந்திராவுக்கு ஒரு பதில் போக வேண்டும்.

ஸ்டோர்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள்.

குணசுந்தரி வந்துகொண்டிருந்தாள். கையில் அந்தக் கறுப்புக் கம்பி. அறுந்த சிவப்புக் கயிறும் மஞ்சள் துணி முடிச்சும் அதிலேயே தொங்கின. துணியின் ஒரு பக்கம் பழுப்பேறிக் காய்ந்திருந்தது. அது என்ன கறை என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கம்பியைக் காளிதாசன் முன்னால், வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதைத்தானே பேசிக்கிட்டிருக்கீங்க."

காளிதாசன் எழுந்துவிட்டார். "சுந்தரி, நீ எப்ப..."

"நாலு வாரம் ஆச்சு. உரம் எடுக்கப் போனேன். மூட்டைய இழுத்தா இது உருண்டு வந்துச்சு. கட்டு என்னுதுன்னு பாத்ததும் தெரிஞ்சுது."

"நாலு வாரமாவா?" என்றாள் வாணி. "ஏம்மா சொல்லல?"

"உங்கப்பா ஒளிச்சு வச்சிருந்தார். ஒரு கையால அந்த மூட்டையத் தூக்கி அடியில தள்ளியிருக்கார். என் மனசு நோகக் கூடாதுன்னுதானே. தெரிஞ்சிடுச்சுன்னு சொன்னா அவர் மனசு நோகும். அதான் பழையபடியே வச்சுட்டு வந்துட்டேன்."

அவள் அழவில்லை. நாலு வாரத்தில் அழ வேண்டியதையெல்லாம் சமையல்கட்டில் அழுது முடித்திருந்தாள்.

"என் விரலை எடுத்தது மிசின்" என்றார் காளிதாசன். "பெட்டி தானா இறங்கலைன்னா எனக்கு ஒன்னும் ஆகியிருக்காது. நீ கட்டுனதுக்கும் இதுக்கும்..."

"இருக்கு." குணசுந்தரி அவரை முடிக்க விடவில்லை. "பெட்டி இறங்குனது மிசின் தப்பு. சொல்லியும் வந்து பாக்காதது ரஃபி தப்பு. கம்பிய சேத்துக் கட்டுனது நான். அந்தத் தம்பி சொல்ல வந்தப்ப வாயை அடைச்சது நீங்க. இதுல யார் பேரையும் விடக் கூடாது."

அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். காய்ந்து இறுகியிருந்ததால் நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. உள்ளேயிருந்த பத்து வெள்ளித் தாளையும் ஒரு வெள்ளித் தாளையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது அம்மனுக்கு. அது என் கணக்கு, அவகிட்ட நான் பேசிக்கறேன்."

பிறகு வாணியிடம் சொன்னாள். "லாயருக்கு எழுது. கம்பி இருந்துச்சு, நான்தான் கட்டுனேன்னு என் பேரைப் போட்டு எழுது."

"இது அவங்க கையில கிடைச்சா கேஸ் நம்ம மேல திரும்பிடும்மா."

"நீ கம்பெனியில பழுதுன்னு எழுதும்போது, யார் செஞ்ச பழுதுன்னு பாத்தா எழுதுவே?"

வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கம்பியைப் படம் பிடிக்கக் குனிந்தபோது குணசுந்தரி தடுத்தாள்.

"இரு." கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் துணியைப் பிடித்தபடி கையை நீட்டினாள். "என் கையோட சேத்து எடு."

காளிதாசன் அருகில் வந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். வாணி படம் எடுத்தாள்.

பூசை வீடியோ, சிவப்பு நூல் தெரிந்த புகைப்படம், இந்தப் படம், ரஃபியின் குரல். அதோடு நாலு வரி எழுதினாள். கம்பி இருந்தது, அதைக் கட்டி வைத்தது அம்மா குணசுந்தரி. இல்லை என்று எழுதியது எங்கள் தப்பு. பெட்டி தானாக இறங்கியதும் உண்மை. கமெண்ட்ஸையெல்லாம் நகல் எடுத்து வைத்துவிட்டு நீக்கலாமா, எப்போது நீக்கலாம் என்று சொல்லுங்கள் அக்கா.

அனுப்பும்போது மணி ஆறு நாற்பத்திரண்டு.

மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கடைசி லோரி குலையேற்றிக்கொண்டு கிளம்பிப் போனது.

எட்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. வாணி ஒருமுறை தனக்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"நீங்க அனுப்புனதைப் பாத்துக்கிட்டிருக்கும்போதே ஹனீபாவோட லாயர் கூப்பிட்டார். அவங்ககிட்டயும் ஒரு வீடியோ இருக்காம். நாளைக்கு காலை பத்து மணிக்கு ஹனீபாவையும் மகனையும் கூட்டிக்கிட்டு என் ஆபீஸுக்கே வர்றாங்களாம். என்ன வீடியோன்னு சொல்லல. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"நம்ம பூசை வீடியோவாத்தான் இருக்கும்" என்றார் காளிதாசன்.

"வேற ஏதாவதுன்னா?" என்றாள் வாணி. ஹனீபாவின் கடைப் பக்கம் யாராவது எடுத்திருந்தால் என்ன எடுத்திருப்பார்கள் என்று அவளால் யோசிக்க முடியவில்லை.

குணசுந்தரி மகளின் போனை எட்டிப் பார்த்தாள். "நம்மது எத்தனை மணிக்குப் போச்சு?"

"ஆறு நாப்பத்திரண்டு."

"அவங்க கூப்பிட்டது அதுக்குப் பிறகுதானே?"

"ஆமாம்மா. நம்மதைப் பாத்துக்கிட்டிருக்கும்போது."

"அப்ப நாம பிடிபட்டுச் சொல்லல" என்றாள் குணசுந்தரி. "நாமளாச் சொன்னோம்."

அவள் கம்பியை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போய்க் கித்தானை விலக்கினாள். "பெட்டிய தூக்குனா இதை எங்க முட்டுக் குடுக்கணும், காட்டுங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். காளிதாசன் எழுந்து போய் இடது கையால் இடத்தைக் காட்டினார்.